கன்னுக்குக் கரைச்ச தண்ணி

இந்தப் பக்கம் உக்காந்துக்குங்க கண்ணு, அந்த ஓரத்துல வெயில் மூஞ்சியில அடிக்கும். பையைக் குடுங்க, என்ற காலுக்கிட்ட வெச்சுக்கலாம். பழனிக்குங்களா? நானும் பழனிக்குத்தான். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு.

நாளைக்குக் காலையில என்ற தம்பிக்குக் கல்யாணமுங்க. மலைமேல வெச்சு. மாப்பிள்ளைக்கு அக்கா பஸ்ஸுல வாராளேன்னு பாக்கறீங்களா? அவங்கெல்லாம் கார்ல வராங்க. நான் தாலியறுத்தவ. நல்ல காரியத்துக்குப் போற வண்டியில நான் ஏறி உக்காந்தா நல்லா இருக்குங்களா? யாரும் வரவேண்டாம்னு சொல்லல. நானாத்தான் பஸ்ஸுல வாரேன்னு சொன்னேன். "கார்ல எடம் இருக்குதக்கா"ன்னான் தம்பி. ரெண்டாந்தடவை கூப்பிடல. கூப்பிட மாட்டான். என்ற மனசு அவனுக்குத் தெரியும்.

குழந்தைவேலுன்னு பேரு. எங்கம்மா சாகறப்ப அவன் பால்குடி மறக்காத புள்ளை. நான்தானுங்க தூக்கி வளத்துனேன். என்னையக் கட்டிக் குடுத்தாங்க, அந்த மனுசன் சீக்கிரமே போய்ச் சேந்துட்டாரு, நான் திரும்பி இவங்கிட்டயே வந்துட்டேன். எனக்குப் புள்ளையும் அவன்தான், பொழப்பும் அவன்தான். நாமக்கல் பக்கம் தோட்டமுங்க எங்களுக்கு. கறவை மாடு இருக்குது. அவனுக்குச் சொந்த லாரி ஓடுது. முன்னாடியெல்லாம் அவனே பம்பாய், குஜராத்துன்னு ஓட்டிட்டுப் போவான். போனா வாரதுக்கு மாசமாகும். இப்ப டிரைவர் போட்டுட்டான்.

ஆமாங்க, ரெண்டாந்தாரந்தான். உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, கேக்கலாமா வேண்டாமான்னு நெனைக்கறீங்க. மொதப் பொண்டாட்டி செத்துப் போயிட்டா. எப்படின்னு ஊர்ல கேட்டா அல்சருன்னு சொல்லுவோம். உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கறது? எறங்குனா நீங்க யாரோ, நான் யாரோ. கொஞ்சம் கிட்ட வாங்க. அவளுக்கு அந்தச் சீக்கு. எய்ட்ஸு.

பாத்தீங்களா, நீங்களே ஒரு நிமிசம் அப்பிடியே ஆயிட்டீங்க. அப்ப எங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்?

மேகலான்னு பேரு. தொட்டியம் பக்கத்துப் பொண்ணு. அப்பன் ஆத்தா இல்ல, சித்தப்பன் வளத்தி எங்களுக்குக் கட்டிக் குடுத்தான். குறை சொல்லக் கூடாதுங்க, நல்ல வேலைக்காரி. விடிஞ்சா கட்டுத்தரையில இருப்பா. சாணி அள்ளி, மாட்டைக் கழுவி, பாலைக் கறந்து, கேனைச் சைக்கிள்ல கட்டிச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊத்திட்டு வந்து அடுப்புப் பத்த வெப்பா. நான் உக்காந்து சாப்புட்டவதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அவளுக்கு வயித்துல ஒண்ணு தங்கல. நானும் ஏறாத கோயில் இல்ல. "ஏம்புள்ள, ஒரு டாக்டரைப் பாக்கலாமா"ன்னா தம்பி ஒத்துக்க மாட்டான். "ரெண்டு பேரும் ரத்தம் குடு, அது குடுன்னு உசுரை எடுப்பாங்க, விடக்கா"ன்னுருவான். பொண்டாட்டிக்கு ஊசி குத்தறதைக்கூடப் பொறுக்க மாட்டாத மனசுங்க அவனுக்கு.

அப்புறம் அவளுக்கு ஒடம்பு எறங்க ஆரம்பிச்சுது. காய்ச்சல் வரும், போகும். வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புண்ணு. ரவிக்கை தோள்ல நிக்காது. நாமக்கல்ல ஒரு பொம்பளை டாக்டரம்மாகிட்டப் போனா. அந்தம்மா ரத்தம் பாத்துட்டு, புருசனைக் கூட்டியான்னு சொல்லிச்சு. தம்பி போனான். வந்து எங்கிட்டச் சொன்னான். சொல்றப்ப ஒரு பதட்டம் இல்ல, ஒரு அழுகை இல்ல. நான்தான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவன் கல்லாட்டம் நின்னான். "நடந்தது நடந்து போச்சக்கா, வெளியில தெரியாமப் பாத்துக்க"ன்னான். எத்தனை பேருக்குங்க அந்தத் தைரியம் வரும்?

நான் அவளைக் கேட்டேன். "எவன்கிட்டப் போய் வாங்கிட்டு வந்த, சொல்லிரு"ன்னு கேட்டேன்.

"நான் எங்கீங் நங்கையா போனேன்? கட்டுத்தரையை விட்டாச் சொசைட்டி, சொசைட்டியை விட்டாக் கட்டுத்தரை"ன்னு அழுதா. நாத்தனாரை எங்க பக்கம் நங்கையான்னுதான் கூப்புடறது.

சொசைட்டியில பால் அளக்கறவன் ஒருத்தன் இருக்கறான், எல்லாத்துக்கும் பல்லைக் காட்டுவான். எனக்கு அவன் மேலதான் சந்தேகம். அவளுக்கு முன்னாலயே தம்பிகிட்டச் சொன்னேன். அவன் ஆமாம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கட்டுன பொண்டாட்டியைப் பத்தி அப்படிக் கேட்டா எந்த ஆம்பளைக்குங்க தலை நிமிரும்? மேகலா அவனையே பாத்துட்டு நின்னா. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னா. அவன் எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

நம்ம நாமக்கல் வேலூர் பாலம் வந்துருச்சு பாருங்க. காவேரியில தண்ணி ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போகுது. இந்தத் தண்ணிதான் எங்கூட்டுக் கொழாயிலயும் வருது. வாசல்லயே கொழாய். கல்கண்டாட்டம் இருக்கும். அந்தக் கொழாயை அவ தொடக்கூடாதுன்னு நான் மொத நாளே சொல்லிட்டேன்.

நீங்களே சொல்லுங்க, சீக்குக்காரியை ஊட்டுக்குள்ள வெச்சுக்க முடியுங்களா? எனக்காகவா? நான் இருந்தா என்ன, செத்தா என்ன. தம்பிக்கு ஒட்டிக்கிச்சுன்னா? அந்தப் பயந்தான். கட்டுத்தரையை ஒட்டி மோட்டார் ரூம் இருக்குது. பழைய மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு, கூட்டி, ஒரு கயித்துக் கட்டலைப் போட்டுக் குடுத்தேன். தெருவுல வெரட்டலையே. தட்டு தனி, டம்ளர் தனி. சோத்தைக் கதவுகிட்ட வெச்சுட்டுக் குச்சியால உள்ள தள்ளிருவேன். குடிக்கறதுக்கும் குளிக்கறதுக்கும் மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி பக்கத்துலயே இருக்குது. கிணத்துத் தண்ணி. மாடு குடிக்கற தண்ணியை மனுசி குடிச்சா ஆகாதுங்களா? அவளே ஒரு நாளு, "நங்கையா, தொட்டியில கன்னுக்குட்டி வாய் வெக்குது, சாணியோட மிதிச்சு ஏறுது, எனக்குன்னு ஒரு கொடம் நல்ல தண்ணி வெச்சிருங்க"ன்னு கேட்டா. கொடத்தை யாரு எடுக்கறது, யாரு வெக்கறது? அவ தொட்ட கொடத்தை மறுபடி நான் தொடணுமில்ல? ஒரு துணியைக் கட்டி வடிகட்டிக் குடின்னு சொன்னேன். வழி சொல்லாம இருக்கல.

அப்ப எங்க செவலை மாடு கன்னுப் போட்டிருந்துச்சுங்க. கெடேரிக் கன்னு. நெத்தியில வெள்ளைச் சுட்டி. அதென்ன அழகு! பொறந்த வாரத்துல அதுக்குக் கழிச்சல் கண்டிருச்சு. மஞ்ச மஞ்சயாத் தண்ணியா ஊத்துது. வால் தூக்க முடியல, காது தொங்கிப் போச்சு. எனக்குச் சோறு எறங்கல. தம்பிக்குப் போன் போட்டு, கால்நடை டாக்டரை உடனே கூட்டியாரச் சொன்னேன். நல்ல மனுசன், அன்னைக்கே வந்துட்டாரு. ஊசி போட்டாரு. பாக்கெட்டுல ஒரு தூளு குடுத்து, "தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சு ஆற வெச்சு இதைக் கரைச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கம்மா. ஒடம்புல இருக்கற தண்ணியும் உப்பும் போறதாலதான் கன்னு சாகுது, சீக்கால இல்ல"ன்னாரு. அப்புறம் தொட்டியை எட்டிப் பாத்துட்டு, "இந்தத் தண்ணியை மாத்துங்க. இது சாணியில பரவற கிருமி. கை கழுவாம எதையும் தொடாதீங்க. ஊட்டுல நோயாளி, கொழந்தைங்க இருந்தாக் கட்டுத்தரைப் பக்கமே விடாதீங்க"ன்னு சொன்னாரு. மோட்டார் ரூமுல இருமற சத்தம் கேட்டு, "அங்க யாரும்மா"ன்னு கேட்டாரு. வேலைக்காரின்னு சொல்லிட்டேன். பின்ன என்னன்னு சொல்றது?

கன்னை அன்னைக்கே தூக்கிட்டு வந்து ஊட்டு ஆசாரத்துல, திண்ணையோரமாக் கட்டிட்டேன். கொழாய்த் தண்ணியைக் கொதிக்க வெச்சு, தூளைக் கரைச்சு, மாட்டுக்கு மருந்து ஊத்தற மூங்கில் கொட்டத்துல ஊத்தி ஊத்திக் குடுத்தேன். துணியை வெந்நியில முக்கித் தொடைச்சு விட்டேன். மடியில அதும் தலையை வெச்சுட்டுப் பொழுதுக்கும் உக்காந்திருந்தேன். என்ற அம்மாவை நான் அப்படிப் பாக்கல.

மேகலாவுக்கும் அப்பத்தான் கழிச்சல் வந்துச்சு. வந்துச்சுன்னா அப்படி இப்படி இல்லீங்க. நிக்கவே மாட்டேங்குது. அவளாலதான் கன்னுக்கு வந்துச்சுன்னு எனக்கு ஒரே ஆத்திரம். என்ன? கன்னுக்கு மொதல்லயா, அவளுக்கு மொதல்லயா? கன்னுக்குத்தான் மொத வாரம்... இல்ல, அவளுக்குத்தான் முன்னாடியே லேசா இருந்திருக்கும். நமக்குத் தெரியாம இருந்திருக்கும். சீக்கு அவகிட்டத்தான இருந்துச்சு? கன்னு வாயில்லாச் சீவன், அதுகிட்ட ஏது சீக்கு?

ஒரு நாளு மத்தியானம் நான் கன்னுக்குத் தண்ணி கரைச்சுக்கிட்டு இருக்கறேன். அவ கட்டுத்தரையில இருந்து கல்லுக்காலைப் பிடிச்சுப் பிடிச்சு ஆசாரம் தெரியற எடம் வரைக்கும் வந்துட்டா. சீலையெல்லாம் ஈரம். நாத்தம். அங்கயே நில்லுன்னேன். நின்னா. ரொம்ப நேரம் கன்னு குடிக்கறதையே பாத்தா.

"நங்கையா, அதுல எனக்கு ஒரு டம்ளர் குடுங்க"ன்னா.

"கிறுக்கா உனக்கு? இது மாட்டு மருந்து. மனுசங்க குடிச்சா என்னத்துக்காகும்?"

"எனக்கும் அதேதானுங் நங்கையா போகுது. அதுக்கு நின்னு போச்சல்லோ. எனக்கும் நிக்கும். ஒரே ஒரு டம்ளர்."

மாட்டு மருந்தைக் குடுத்து நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? குடுக்கலீங்க. அளவா வேற குடுத்திருந்தாரு டாக்டரு. அவ திரும்பிப் போயிட்டா. போற வழியெல்லாம் ஈரம். நான் பின்னாலயே பிளீச்சிங் பவுடரைப் போட்டுட்டுப் போனேன்.

கன்னு பொழச்சுக்கிச்சுங்க. இப்ப பாத்தீங்கன்னா துள்ளிக்கிட்டுத் திரியுது.

கடலை வேணுங்களா? சாப்புடுங்க. வேண்டாமா? ஏன், பஸ்ஸு ஒத்துக்காதா?

அப்புறம் ஊருக்கு வர்ற நர்சம்மா ஒருத்தி இருக்கறா. கர்ப்பிணிக்கு ஊசி போடற நர்சு. அவளுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. நேரா மோட்டார் ரூமுக்குள்ள போயிட்டா. மூக்கைக்கூடப் பொத்தல. மேகலாவை மடியில சாய்ச்சுக்கிட்டு என்னையக் கத்தறா. "இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா நான் போலீசைக் கூட்டியாருவேன்"னு. எங்கூட்டு வாசல்ல நின்னு எங்களைச் சத்தம் போடறா! தம்பிதான் சமாளிச்சு, சீட்டுல பிளாஸ்டிக் தாளை விரிச்சு, கார்ல ஏத்திட்டுப் போனான். நானும் போனேன், அவன் தனியா என்ன பண்ணுவான்.

அங்க ஒரு டாக்டர். சின்ன வயசு. மலத்தை எடுத்துப் பாத்துட்டு எங்களைக் கூப்புட்டுச் சொல்றான்: "இது கன்னுக்குட்டிச் சாணியிலயும் அழுக்குத் தண்ணியிலயும் இருக்கற ஒட்டுண்ணிம்மா. உங்களுக்கு வந்தா கொஞ்ச நாள் வயித்தால போய்த் தானா நின்னுரும். ஒடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லாதவங்களுக்கு நிக்காது, உசுரைக் கொண்டு போயிரும். எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காப் போட்டு எதிர்ப்புச் சக்தி ஏறுனாத்தான் இது அடங்கும். தண்ணி கொதிக்க வெச்சுத்தான் குடுக்கணும். மாட்டுப் பக்கம் இருக்கக் கூடாது. இந்தம்மா எங்க தங்கியிருக்காங்க?"

நான் ஊட்டுலதான்னு சொன்னேன்.

"தண்ணி எங்க குடிக்கறாங்க?"

ஊட்டுலதான்னேன்.

மேகலா பக்கத்துல வீல் சேர்ல இருந்தா. வாயைத் தொறக்கல. அதுவரைக்கும் நல்லவதான்.

பாருங்க, கன்னுக்கு வர்ற பூச்சி மனுசிக்கு வந்திருக்குதுன்னு ஒரு டாக்டரு சொல்றான். படிச்சவன் பேசற பேச்சா? தொட்டா ஒட்டாது, ஒண்ணாச் சாப்புட்டா ஒட்டாதுன்னு வேற. அப்ப எப்படித்தான் ஒட்டுமாமா? அதைக் கேட்டதுக்கு என்ற தம்பியைப் பாத்தான். "நீங்க ரத்தப் பரிசோதனை பண்ணியிருக்கீங்களா"ன்னான். தம்பி, "பாத்தாச்சுங்க, எனக்கு ஒண்ணும் இல்லீங்க"ன்னான். "எங்க பாத்தீங்க, எப்பப் பாத்தீங்க"ன்னு மறுபடி கேட்டுட்டு, என்னையும் அவளையும் வெளிய இருக்கச் சொல்லிட்டான். தம்பி ரொம்ப நேரங்கழிச்சு வந்தான். சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில அப்படி ஒரு புழுக்கம்.

படுக்கையில சேத்தறோம்னாங்க. தம்பி வேண்டாம்னுட்டான். எங்கூர்க்காரங்க எத்தனை பேரு அங்க வந்து போறாங்க! சீக்குக்காரி கறந்த பாலுன்னு ஒருத்தன் வாயை வெச்சா, சொசைட்டியில எங்க பாலை ஊத்த உடுவாங்களா? மருந்தை வாங்கிட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுக் கூட்டியாந்துட்டோம்.

ஊட்டுக்கு வந்ததும்தானுங்க அந்தக் கூத்து. பாட்டிலைத் தொறந்து மாத்திரையைக் கையில கொட்டிப் பாத்தா. அப்படியே உக்காந்துட்டா. அப்புறம் என்னையக் கூப்பிடறா, குரலே வேற மாதிரி.

"நங்கையா, இது அவரு முழுங்கற மாத்திரைங்க."

"எவரு?"

"அவருதானுங்க. தெனமும் ராத்திரி எவர்சில்வர் டப்பாவுல இருந்து எடுத்து முழுங்குவாரே, அதே மாத்திரை. அதே கலரு, அதே எழுத்து. நான் எத்தனை தடவை தண்ணி எடுத்துக் குடுத்திருக்கறேன். கல்யாணத்தப்ப இருந்தே முழுங்கறாரு நங்கையா."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். தம்பி சத்து மாத்திரை முழுங்கறான், நரம்புக்கு. லாரி ஓட்டி ஓட்டி நரம்பு தளந்து போச்சுன்னு சேலத்துல ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தது. மாசாமாசம் அவனே போய் வாங்கியாருவான். பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு டப்பாவுல கொட்டி வெச்சுக்குவான், ஊட்டுல சுத்தபத்தமா இருக்கணும்னு. அதைப் போய் இவ இந்தச் சீக்கு மாத்திரையோட சேத்துப் பேசறா. தான் கெட்டதும் இல்லாம அவனையும் இழுத்து விடப் பாக்கறா. மாத்திரைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தம்பி வந்ததும் நான் அவளுக்கு முன்னாலயே சொன்னேன். "பாருடா, உன்ற பொண்டாட்டி என்ன சொல்றான்னு."

அவன் அவளைப் பாக்காமயே, "சீக்கு மூளைக்கு ஏறிருச்சக்கா, ஏதோ பெனாத்தறா"ன்னான்.

மேகலா சிரிச்சாளுங்க. அத்தனை சீக்குல கிடந்தவ, சத்தம் வராமச் சிரிச்சா. "எனக்கும் ஒண்ணு குடுத்திருக்கலாமே. உங்களுக்கு எடுத்துக் குடுத்த தண்ணியில நானும் ஒண்ணு முழுங்கியிருப்பேனே"ன்னா. அவன் மாட்டைப் பிடிச்சுக் கட்டப் போயிட்டான். பெனாத்தறவகிட்ட என்னன்னு பேசறது?

அந்த மாத்திரையை முழுங்குனா வாந்தி. கழிச்சல் பத்தாதுன்னு வாந்தி. "கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், நிறுத்திராதீங்க"ன்னு டாக்டர் சொல்லியிருந்தான். எனக்குப் பாக்க முடியல. நானே நிறுத்திட்டேன். நிறுத்துனதும் வாந்தி நின்னு போச்சு பாத்தீங்களா! படிச்சவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியுது. அவதான் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "பாட்டிலைக் குடுங்க நங்கையா, வாந்தி வந்தா வரட்டும், நான் முழுங்கிக்கறேன்"னு கேட்டுட்டே இருந்தா. பாட்டிலைத் தம்பி வாங்கிக்கிட்டான். வீணா எதுக்கு, ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்தர்றேன்னான். இன்னொருத்தருக்காவது ஆகட்டும்னு நெனைக்கற கொணம். அந்த மாசம் அவன் சேலம்கூடப் போகலீங்க, அத்தனை வேலை.

கரூர் வந்துருச்சு. பஸ்ஸு கொஞ்சம் நிக்கும். எறங்கறதுன்னா எறங்கி டீ குடிச்சுட்டு வாங்க, எடத்தை நான் பாத்துக்கறேன். வேண்டாமா? சரி. மீதியையும் கேட்டுருங்க.

அவ போனது ஒரு வெள்ளிக்கிழமை, காலை வெயில்ல. எங்கூட்டுக்கு ஒரம்பரை, சொந்தக்காரங்க, வந்திருந்தாங்க. அவங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு வெளிய வாரேன், வாசல்ல கொழாய்கிட்ட என்னமோ துணி மூட்டையாட்டம் கெடக்குது. அவதான். மோட்டார் ரூமுல இருந்து வாசல் வரைக்கும் தரையில தவழ்ந்தே வந்திருக்கறா. முட்டியெல்லாம் சரளைக் கல்லு கிழிச்சு வெச்சிருக்குது. கொழாயைத் தொறந்து விட்டு, அதுலயே வாயை வெச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்கறா. நல்ல தண்ணிக் கொழாயில! வாயை வெச்சு!

நான் கத்துன கத்துல ஒரம்பரையெல்லாம் வெளிய வந்துட்டாங்க. அவ கொழாயை விடவே இல்ல. தம்பி தோட்டத்துல இருந்து ஓடியாந்தான். வந்தவன் அவளைத் தூக்கல, அப்படியே நின்னுட்டான். அவ தலையைத் திருப்பி அவனைப் பாத்தா. மூஞ்சியெல்லாம் தண்ணி. "நல்லா இருக்குது"ன்னா. தண்ணியைச் சொன்னாளா, வேற என்னத்தைச் சொன்னாளோ. அப்புறம் தலை சாஞ்சு போச்சு. கொழாய் பாட்டுக்கு மேல ஊத்திக்கிட்டே இருந்துச்சு. நான்தான் போய் நிறுத்துனேன், ஒரு குச்சியால தட்டி.

எல்லாத்தையும் முறைப்படிதான் பண்ணுனோம். ஒரு குறை வெக்கல. அவ சீலை, கட்டல், தட்டு எல்லாத்தையும் கொளுத்தியாச்சு. தாலிக்கொடியை மட்டும் ஆசாரிகிட்டக் கேட்டேன், பொன்னுல சீக்கு நிக்குமான்னு. நெருப்புல உருக்குனா ஒண்ணும் நிக்காதுன்னாரு. அதையேதான் உருக்கி நாளைக்குக் கட்டறதுக்குப் புதுசா ஊத்தியிருக்குது. அந்தக் கொழாயையும் மாத்திட்டோம். ஆனா மனசு ஆறலீங்க. போறவ அவ ரூமுலயே போயிருக்கலாம். நல்ல நாளும் அதுவுமா, ஒரம்பரைக்கு முன்னால, வாசல்ல வந்து எங்களைத் தலைகுனிய வெச்சுட்டுப் போயிட்டா. நான் அவளுக்கு என்னங்க கெடுதல் பண்ணுனேன்?

ஏன் கண்ணு, கண்ணுல தண்ணி? அவளுக்கா? விடுங்க. முடிஞ்சு போன கதை.

இப்ப வர்ற பொண்ணு பவித்ரான்னு பேரு. பழனிப் பக்கந்தான். மில்லுக்குப் போயிட்டிருந்த பொண்ணு. இதுக்கும் அப்பன் இல்ல, மாமன்காரன்தான் எல்லாம். போன்ல எங்கிட்ட எப்படிப் பேசுது தெரியுங்களா! "அக்கா, எனக்கு மாடுன்னா உசுரு, கட்டுத்தரை வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன்"னு சொல்லுது. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் கண்ணு, எங்க வம்சத்துக்கு ஒரு புள்ளையைப் பெத்துக் குடு, போதும்னேன். அதுக்கு வெக்கமாப் போச்சு.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸு சத்தத்துல கேக்கல.

தம்பிக்கு ரத்தம் பாத்தாச்சான்னா? எதுக்குங்க? நான்தான் இவ்வளவு நேரம் சொல்லிட்டு வாரேன், சீக்கு அவளுக்குன்னு. அவ போனா, அவளோட அதுவும் போச்சு. என்ற தம்பி எப்படி இருக்கறான் தெரியுங்களா? தேக்கு மரமாட்டம். ஒரு தலைவலின்னு படுக்க மாட்டான். அந்தச் சத்து மாத்திரையை ஒரு நாள் தவற விட மாட்டான். நேத்துகூடப் பையில எடுத்து வெச்சியாக்கான்னு ரெண்டு தடவை கேட்டான். ஒடம்பை அப்படிப் பாத்துக்கறவனுக்கு எங்கீங்க சீக்கு வரும்?

பொண்ணோட போன் நெம்பரா? உங்களுக்கு எதுக்கு? நீங்க அதுகிட்ட என்ன பேசப் போறீங்க? எந்த ஊருன்னா? மாமன் பேரு என்னன்னா? கையை விடுங்க. நீங்க அந்த நர்சம்மா ஆளா? என்ன வேலைன்னு சொன்னீங்க? அழாமப் பேசுங்க, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

இந்தாங்க உங்க பை. நான் முன்னால போய் உக்காந்துக்கறேன். கண்டக்டரு தம்பி, அந்த முன் சீட்டு காலிங்களா?

உங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பொண்ணூட்டுக்காரங்க ஜாதகம் கேட்டாங்க. தோட்டம் எவ்வளவுன்னு கேட்டாங்க. லாரி சொந்தமான்னு கேட்டாங்க. மொதப் பொண்டாட்டிக்கு என்னன்னு கேட்டாங்க, அல்சருன்னோம், சரின்னுட்டாங்க. ரத்தத்தைப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல. பொண்ணைக் குடுக்கறவங்களே கேக்கல. நீங்க யாருங்க கேக்கறதுக்கு?